தாயைத் தோளில் சுமந்தவன்

ஆரணியில் எங்கள் தெருவுக்கு வந்து முத்துவேல் வீடு எது என்று கேட்டால், "அம்மாவுக்கு இடுப்பு மாத்தினாரே, அவரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அறுத்து மாற்றியது வேலூரில் ஒரு டாக்டர். பணிவிடை செய்தது அவன் மனைவி சசிகலா. வலியைத் தாங்கியது அவன் அம்மா அபிதகுசாம்பாள். மூன்று பேர் பட்ட பாட்டுக்குப் பெயர் வாங்கியது நாலாவது ஆள். அந்த நாலாவது ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் ஓடு வரைக்கும் போகாத சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் தறியில் கேட்கும். நான் எழுதுவதில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி காதால் கேட்டது. முத்துவேல் விஷயத்தில் கற்பனை செய்ய ஒன்றும் பாக்கி இருக்காது. எல்லாவற்றையும் அவனே செய்துவிடுவான்.

சின்ன வயதில் அவனைத் தறியில் உட்காரவைத்தார்கள். அரை முழம் நெய்வதற்குள் நாலு தடவை எழுந்து போவான். இழை அறுந்தால் முடிச்சுப் போட மாட்டான், அது யாரோ அறுத்தது போல விட்டுவிட்டு மேலே நெய்வான். அவன் அப்பா இருந்தவரைக்கும் அந்த ஓட்டைகளை அவர் அடைத்தார். அவர் போன பிறகு அம்மா அடைத்தாள். வளர்ந்ததும் விசைத்தறிக்காரர்களிடம் தரகு பார்த்தான், அதுவும் ஓடவில்லை. கடைசியில் கையில் ஒரு நல்ல போன் வந்தது. அம்மா நெய்கிற பட்டுச் சேலைகளைக் கட்டில்மேல் விரித்துப் போட்டோ எடுத்து, "நேரடியாக எங்கள் தறியிலிருந்து" என்று எழுதி வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பி விற்கத் தொடங்கினான். 'எங்கள்' என்பதில் அவன் யாரைச் சேர்த்துக்கொண்டான் என்று அபிதகுசாம்பாள் ஒருமுறை கேட்டாள். "விக்கறதும் ஒரு நெசவுதாம்மா" என்றான்.

தெருவில் சாவு விழுந்தால் ஐஸ் பெட்டிக்குப் போன் செய்கிறவன் அவன்தான். கல்யாணத்தில் பந்தி வரிசையைச் சரிசெய்கிறவனும் அவன்தான். இலை எடுக்கும்போது மட்டும் காணாமல் போவான்.

அபிதகுசாம்பாளுக்கு வலது இடுப்பில் வலி ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. முதலில் தறியிலிருந்து எழும்போது மட்டும் வலித்தது. பிறகு நடக்கும்போது, பிறகு படுத்தாலும். முத்துவேல் ஒவ்வொரு வாரமும் ஒரு தைலம் வாங்கிவந்தான். ஒவ்வொரு தைலத்தோடும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். அவள் தரையைப் பிடித்து நகரும் நிலைக்கு வந்த பிறகு, ஒருநாள் காலை சசிகலா அவனிடம் சொல்லாமலே மாமியாரை வேலூர் பஸ்ஸில் ஏற்றினாள். கண்ணமங்கலம் தாண்டும் வரைக்கும் அந்தக் கிழவி பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததாகச் சசிகலா சொன்னாள். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், தொடை எலும்பின் தலை பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாராம்.

ஆபரேஷன் என்றதும் தெருவே பயமுறுத்தியது. அபிதகுசாம்பாள் பயப்படவில்லை. சசிகலாவிடம் அவள் கேட்டது சுவரைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"மாத்தினா நானா கக்கூசுக்குப் போலாமாடி?"

"போலாம்னு டாக்டர் சொன்னாரு அத்தே."

"யாரையும் கூப்புடாம?"

"யாரையும் கூப்புடாம."

"அப்ப அறுக்கச் சொல்லு."

இந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது. அவளைப் பின்கட்டுக் கக்கூஸுக்குத் தூக்கிப் போவது அப்போது முத்துவேலின் பொறுப்பு. அவன் சும்மா தூக்க மாட்டான். "எங்கம்மாவ தூக்கிகினு வரேன், வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று ஆளில்லாத நடையில் கூவிக்கொண்டு போவான். இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் அவள் எப்போது போகிறாள், எத்தனை தடவை போகிறாள் என்று தெரிந்துபோயிற்று. ஒருத்தி நேரிலேயே கேட்டுவிட்டாள், "இன்னா அத்தே, இன்னிக்கி வயிறு சரியில்லயா?" என்று. அதன் பிறகு அபிதகுசாம்பாள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். நாக்கு உலர்ந்தாலும் சொம்பைத் தொட மாட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. உள்ளே கொண்டுபோனபோது முத்துவேல் அழுதான். நிஜமாகவே அழுதான், அதை நான் மறுக்கவில்லை. அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த கையாலேயே போனை எடுத்து, "என் உயிர் உள்ளே போராடுகிறது" என்று ஸ்டேட்டஸ் வைத்தான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மாலை வரைக்கும் திறந்து திறந்து பார்த்தான்.

மறுநாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். நடக்கப் பழக்கும் பெண் ஒருத்தி வந்து, வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று விவரமாகச் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டது சசிகலா. முத்துவேல் வராந்தாவில் விசாரிக்க வந்தவர்களுக்கு ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்தபோது அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தது இது: "கீழ உக்காரக் கூடாதும்மா. உயரமான சேர்ல, காலைத் தொங்கவிட்டு உக்காரணும். முட்டி எப்பவும் இடுப்புக்குக் கீழதான் இருக்கணும். உக்காந்தபடி முன்னாடி குனியவே கூடாது. குனிஞ்சா மூட்டு நழுவிடும்." இதில் 'காலைத் தொங்கவிட்டு' என்பது வரைக்கும் கேட்டுவிட்டு, தெரிந்தவன் போலத் தலையாட்டி, போன் வந்ததென்று வெளியே போய்விட்டான்.

வீடு திரும்பிய அன்று தெருமுனையில் ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தது. 'புது நடையுடன் இல்லம் திரும்பும் அன்னையே வருக' என்று எழுத்து. அன்னையின் படம் ஒரு மூலையில் ரேஷன் கார்டு அளவுக்கு இருந்தது. மீதி இடம் முழுக்க முத்துவேல் கைகூப்பி நின்றான். வேனிலிருந்து இறங்கிய அபிதகுசாம்பாள் வாக்கரைப் பிடித்தபடி அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருடா செத்தது?" என்றாள்.

பிளக்ஸுக்கு ஓடியவன் கக்கூஸுக்கு ஓடவில்லை. பின்கட்டில் இருந்தது குந்தி உட்காரும் கக்கூஸ். அதில் அவள் இனி உட்காரவே கூடாது. "பண்ணிடலாம், பண்ணிடலாம்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தானே ஒழிய ஆள் வரவில்லை. கடைசியில் சசிகலாவின் தம்பி பார்த்திபன், கண்ணமங்கலத்தில் பிளம்பர் வேலை செய்கிறவன், ஒரு வெஸ்டர்ன் பீங்கானை லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து பொருத்தி, சுவரில் கைப்பிடியும் அடித்துக் கொடுத்தான். வேலை முடிந்து பார்த்திபன் கைகால் கழுவப் போன நேரத்தில் முத்துவேல் அவனுடைய பூச்சுக் கரணையை எடுத்துக் கையில் பிடித்து, பீங்கானுக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். சசிகலா எடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டான்.

"மாமா, கரணைய தலகீழா புடிச்சிகினு கீறீங்க" என்றான் பார்த்திபன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் சசிகலாவுடையவை. காலையில் கால்களுக்கு நடுவே தலையணை வைத்துத் திருப்பிப் படுக்கவைப்பாள். பயிற்சி செய்யவைப்பாள். வாக்கரோடு கூடத்துக்கும் நடைக்குமாக நடத்துவாள், பின்னாலேயே ஒரு கையால் மாமியாரின் இடுப்புச் சேலையைப் பிடித்தபடி வருவாள். கக்கூஸுக்கும் அப்படித்தான், கதவு வரைக்கும் அந்தக் கை வரும். பேச்சே இருக்காது. முத்துவேல் வந்து நின்றால்தான் சத்தம். "லெப்ட்டு, ரைட்டு! லெப்ட்டு, ரைட்டு! அப்டித்தாம்மா!" என்பான். அபிதகுசாம்பாள் நின்றுவிடுவாள். அவன் போன பிறகு மறுபடி நடப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருச் சங்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. சங்கத்துக்குச் செயலாளர் அன்பரசு. கூட்டம் போட ஒரு காரணம் கிடைத்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிற ஆள். அவன் 'சிறந்த மகன்' என்று ஒரு விருது வைத்தான். ஏன் மருமகளுக்கு இல்லை என்று கேட்கக்கூட அந்தக் கூட்டத்தில் ஆளில்லை. முத்துவேலைத் தேர்ந்தெடுக்க யாரும் யோசிக்கவுமில்லை, பிளக்ஸை எல்லாரும் பார்த்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு பெரிய படம் மட்டும் வேண்டும் என்றான் அன்பரசு.

"அம்மா கட்டில்ல படுத்துகினு கீற மாதிரி வேணாம்ண்ணா. சோகமா இருக்கும். திரும்பத் தறியில ஒக்காந்து நெய்யற மாதிரி இருந்தா தூக்கும்."

"நானும் அதத்தான் நெனச்சேன்" என்றான் முத்துவேல். அவன் எதையும் முன்பே நினைத்திருப்பான், அடுத்தவன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தறிகள் குழித்தறிகள். தரையில் குழி வெட்டி, விளிம்பில் பலகை போட்டு உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியேதான் இருக்கும். எங்கள் தெருவில் 'காலைத் தொங்கவிட்டு உட்கார்' என்று யாரிடம் சொன்னாலும் அவன் மனசில் வருவது நாற்காலி அல்ல, தறிதான். பிறந்ததிலிருந்து நாங்கள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த இடம் அது ஒன்றுதான். ஆனால் மிதிமேல் காலை வைத்ததும் முட்டி மேலே ஏறும், இடுப்பையும் தாண்டும். வயிற்றுக்கு எதிரே நெய்த துணி சுற்றும் படமரம் இருக்கும். வேலை முழுக்க அதன்மேல் குனிந்துதான். உட்கார்ந்தே வாழ்கிற ஜாதிக்கு, தான் எப்படி உட்காருகிறது என்று தெரியவில்லை. தெருவில் ஒருவனுக்கும் தெரியவில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சசிகலா ரேஷன் கடைக்குப் போன சமயம் பார்த்து அன்பரசு போனோடு வந்தான். சுவரைத் தாண்டிப் பேச்சுக் கேட்டது.

"எம்மா, ஜல்தியா எழுந்துரு. தறியில ஒரு நிமிஷம் ஒக்காரணும்."

"தரையில ஒக்காரக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சேடா."

"தரையிலயா ஒக்காரச் சொல்றேன்? காலத் தொங்கவுட்டு ஒக்காரணும்னு சொல்லிச்சி, என் காதால கேட்டேன். தறியில கால் தொங்கலயா?"

"தொங்குதுதான்" என்றாள் அவள். நாற்பது வருஷம் உட்கார்ந்த இடம். அவளுக்கும் ஆசை இருந்திருக்கும், யார் கண்டார்கள்.

இரண்டு பேரும் கைத்தாங்கலாக அவளைக் குழிக்குள் இறக்கி, விளிம்பில் உட்காரவைத்தார்கள். வலிக்கவில்லை என்றாள். அவள் படுத்த பிறகு அந்தத் தறியில் முத்துவேல் அவ்வப்போது உட்கார்ந்து நாலு விரற்கடை நெய்து வைத்திருந்தான், போட்டோவுக்காக. அதுவரை அவள் அதைப் பார்க்கவில்லை. இப்போது கண்ணெதிரே கிடந்தது.

"இன்னாடா இது?"

"நெய்தேம்மா, நீ இல்லாதப்ப."

"இதுக்குப் பேரு நெசவா? சாணி மெழுகினவகூட இதவிட ஒழுங்கா மெழுகுவா. பாரு, இங்க அறுந்துகீது, இங்க அறுந்துகீது... அறுந்தத அப்டியே வுட்டுட்டு மேல நெய்துகீறியேடா, பேமானி!"

"அம்மா, இப்டி கேமராவப் பாருங்க" என்றான் அன்பரசு.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அறுந்த இழையைக் கண்ட நெசவாளி வேறு எதையும் பார்க்க மாட்டாள். அறுந்த முனை இழைகளைப் பிரிக்கும் அச்சுக்கு அந்தப் பக்கம், இன்னும் நெய்யாத பாவில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எட்டிப் பிடிக்கப் படமரத்தின்மேல் குனிந்து கையை நீட்டினாள்.

நான் கேட்டது முதலில் ஒரு சத்தம், விறகு முறிகிற மாதிரி. அடுத்தது அவள் குரல். என் தறியை விட்டு ஓடினேன்.

அவள் படமரத்தைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தாள். வலது கால் உள்பக்கம் திரும்பி, இடது காலைவிடக் குட்டையாகக் கிடந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. அன்பரசு போனை இன்னும் கீழே இறக்கவில்லை. முத்துவேல் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அன்பரசுவைப் பார்த்துக் கேட்டான்:

"போட்டோ விழுந்துச்சா?"

பதற்றத்தில் கேட்டிருப்பான் என்று பிறகு சிலர் சமாதானம் சொன்னார்கள். பதற்றத்தில்தான் மனுஷன் தன் சொந்தப் பேச்சைப் பேசுகிறான் என்பது என் எண்ணம்.

ஆம்புலன்ஸ் வந்தது, முத்துவேல் அம்மாவோடு ஏறினான். அரிசிப் பையோடு தெருமுனையில் வந்துகொண்டிருந்த சசிகலா, பையை அங்கேயே போட்டுவிட்டு ஏறினாள். தூக்கி இறக்க ஆள் வேண்டும் என்று நானும் ஏறினேன். வேலூர் போகிற வரைக்கும் சசிகலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"யாரு ஒக்கார வெச்சது?"

"தறியில கால் தொங்குதே, அதான்..." என்றான் முத்துவேல்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே டாக்டரும் அதையே கேட்டார். முத்துவேல் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லியிருக்கலாம், ஆனால் அவன் வாய் எதற்கும் காத்திருக்காது.

"அவங்களே போய் ஒக்காந்துட்டாங்க சார். நெசவாளி ரத்தம். சொன்னா கேக்க மாட்டாங்க."

ஸ்ட்ரெச்சரில் அபிதகுசாம்பாள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். மகன் முகத்தையே பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். கடையில் சாயம் போன துணியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

நல்லவேளை, மறுபடி அறுக்கவில்லை. மயக்கம் கொடுத்து இழுத்து, நழுவிய மூட்டுப் பந்தை அதன் குழியில் சேர்த்துவிட்டார்கள். டாக்டர் சசிகலாவைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை நழுவினால் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், அப்புறம் நடையைப் பற்றி என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. தலையணை, வாக்கர், இடுப்புச் சேலையில் கை.

திரும்பி வந்த அன்றே சசிகலா பார்த்திபனை வரவழைத்தாள். தறியைக் கழற்றவில்லை. குழிக்கு மேல் கெட்டிப் பலகை போட்டு நாலு பக்கமும் ஆணி அடிக்கச் சொன்னாள். முத்துவேல் கூடத்தில் நின்று, "வூட்டு லட்சுமிய மூடறியே" என்று குரலை உயர்த்தினான்.

"ஏங்க, நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க. ஆணி கால்ல பட்டுடும்" என்றாள் அவள். அவன் நகர்ந்து நின்றான்.

விருது விழா தள்ளிப்போயிற்று, நின்றுபோகவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டால் நிறுத்த வெட்கம், நடத்த வெட்கமில்லை. நழுவிய கதையையும் முத்துவேல் தனக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டான். அம்மா தறி ஆசையில் விழுந்தாள், அவன் வாரியெடுத்துத் தோளில் போட்டு ஓடினான். தூக்கியது ஆம்புலன்ஸ்காரர்களும் நானும் என்பது தெருவில் பாதிப் பேருக்குக் கண்ணால் பார்த்த விஷயம். அந்தப் பாதிப் பேரும் சேர்ந்துதான் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் அந்தப் படம் கட்டியிருந்தது. ஆமாம், போட்டோ விழுந்திருந்தது. அபிதகுசாம்பாள் படமரத்தின்மேல் குனிந்து, கையை நீட்டி, பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கியிருக்கிறாள். மூட்டு நழுவிய அதே நொடி. இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, பூமாலை போட்டு, சீரியல் விளக்கு சுற்றியிருந்தார்கள். ஒருவன் பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டு போனான்: "பாரு, வேலையில இன்னா கவனம்!"

நான் அதைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பின்கட்டில் கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். பின்கட்டுச் சுவர் இடுப்பளவுதான். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. முத்துவேல் பட்டு வேட்டியில் மேடைக்குப் போய்விட்டான். அம்மாவையும் நாற்காலியோடு தூக்கிப் போவதாக அவன் சொன்னதற்கு, அவள் "நீ தூக்கினதெல்லாம் போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நடைவாசலில் வாக்கர் தெரிந்தது. பின்னால் அபிதகுசாம்பாள். அவளுக்குப் பின்னால் சசிகலா, வழக்கம்போல இடுப்புச் சேலையைப் பிடித்தபடி. அபிதகுசாம்பாள் நின்றாள்.

"கைய எடுடி."

"அத்தே..."

"எடு. நீ இங்கயே நில்லு."

சசிகலா கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டாள். கிழவி வாக்கரைத் தூக்கி வைத்து, ஒரு கால், மறு கால், மறுபடி வாக்கர் என்று முற்றத்தைக் கடந்தாள். துளசி மாடத்தருகே தரை கொஞ்சம் சரிவு. அங்கே ஒரு முறை தயங்கினாள். சசிகலா ஓரடி முன்னால் வைத்துவிட்டு நின்றுகொண்டாள். நான் தலையைக் குனிந்து, ஏற்கெனவே கழுவிய காலை மறுபடி கழுவினேன். கக்கூஸ் கதவு திறந்தது, சாத்திக்கொண்டது, உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தெருமுனையில் மைக் கரகரத்தது. அன்பரசுவின் குரல் எல்லா வீட்டு ஓட்டின்மேலும் ஏறி வந்தது. "பெற்ற தாயைத் தன் தோளில் சுமந்த தனயன்... ஒவ்வொரு நாளும் அவர் தாயை எங்கெங்கெல்லாம் தூக்கிச் சென்றார் என்பதை இந்தத் தெரு அறியும்..."

கைதட்டல்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சசி, இன்னாடி சத்தம்?"

"ஒங்க புள்ள ஒங்கள தூக்கிகினு போறாராம் அத்தே."

"எங்கடி போறானாம்?"

சசிகலா சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சிரித்தாளா என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, மெதுவா போவச் சொல்லு" என்றாள் அபிதகுசாம்பாள். "எனக்கு இங்க நேரமாவும்."